எடைக்கு ஒரு வழி

மருங்காபுரிப் பக்கம் வீடு கட்ட வானம் தோண்டினால் மூன்றடி, நாலடியிலேயே கடப்பாரை துள்ளும். மேலே செம்மண், அடுத்து சுக்கான், அதற்குக் கீழே கருங்கல். அதே திருச்சி மாவட்டத்தில், ஸ்ரீரங்கத்தில் தோண்டினால் மணல். இன்னும் தோண்டினால் ஈர மணல், அப்புறம் தண்ணீர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவு அது. பிளவில்லாத கருங்கல் பாறைமேல் சதுர மீட்டருக்கு 330 டன் வரை ஏற்றலாம் என்று இந்தியத் தர நிர்ணய விதிகளில் ஆரம்பக் கணக்குக்கு ஓர் எண் உண்டு. இறுகிய நடுத்தர மணலுக்கு 25 டன். அஸ்திவாரத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டால் அதிலும் பாதி. ஒரே மாவட்டத்துக்குள் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பிறந்த ஊர் பாறை, பிழைக்கும் ஊர் மணல் என்று ஆனதில் என் தொழிலுக்குக் கிடைத்த படிப்பு பெரிது.

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். ஆர்க்கிடெக்ட் வரைந்த கட்டடம் நிற்குமா, எதைக்கொண்டு நிற்கும், எத்தனை கம்பி, எவ்வளவு காங்கிரீட் என்று சொல்வது என் வேலை. “சிக்கலான சைட் சார், ஏதாவது வித்தியாசமா யோசிங்க” என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அதிகம். சிக்கலான சைட்டில் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். இந்தக் கட்டடத்தின் எடை எந்த வழியாக இறங்கி மண்ணுக்குப் போகிறது? ஓட்டிலிருந்து, தளத்திலிருந்து, ஊஞ்சல் கொக்கியிலிருந்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒவ்வொரு கிலோவும் ஏதோ ஒரு வழியில் கீழே போயாக வேண்டும். நாம் வழி காட்டாவிட்டால் அது தானே ஒரு வழி பிடிக்கும், விரிசல் விட்டுக்கொண்டு. இந்தத் தொழிலில் கற்பனைக்கு இடம் உண்டென்றால் அது இந்த வழி தேடுவதில்தான். கம்பியைக் கூட்டுவதும் பில்லரைப் பருமனாக்குவதும் யாருக்கும் தெரியும்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை நான் பார்ப்பதும் இந்தக் கண்ணோடுதான். விஜயநகரத்து அச்சுத தேவராயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், அதன் கல்ஹாரம், அதாவது கல்லாலான அடிப்பகுதி, மட்டும் எழும்பி, வேலை நின்றுபோனது. ஊர் அதை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்துப் பழகிவிட்டது. நானூறு வருடத்துக்கும் மேல் அப்படியே நின்றதை, எண்பது வயதைத் தாண்டிய அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் கையிலெடுத்தார். 1979இல் வேலை தொடங்கி, 1987 மார்ச் 25ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. 13 நிலை, 236 அடி. பக்தியின் சாதனையாக அது கொண்டாடப்படுவது நியாயம். அதோடு, பொறியியலில் எவரும் தயங்கும் ஒரு காரியமாகவும் அதைச் சொல்ல வேண்டும். வரைபடம் இல்லாத, அடியாழம் கண்ணுக்குத் தெரியாத, வேறொரு நூற்றாண்டு போட்ட அஸ்திவாரத்தின் மேல் பதின்மூன்று நிலை ஏற்றுவது என்றால் சும்மாவா?

பழைய அஸ்திவாரத்தின்மேல் கட்டித் தரச் சொல்லி யாராவது வந்தால் நான் அந்தக் கல்ஹாரத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். எங்கே பார்ப்பது? முதலில் கல் வரிசை. கிடைக்கோடாகப் போகும் மூட்டுகள் இன்றும் மட்டமாக இருக்கின்றனவா, ஒரு மூலை இறங்கியிருக்கிறதா? அடுத்து வாசல். கோபுரத்தின் அடி, வழிப்பாதையால் இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். மேலேயுள்ள அத்தனை எடையும் இடது, வலது என்று பிரிந்து அந்த இரண்டு பெரிய கால்களில் இறங்குகிறது. கால்கள் இரண்டும் ஒரே அளவு அமுங்கினால் ஒரு குறையும் இல்லை. அவற்றில் ஒன்று மட்டும் இரண்டு அங்குலம் கூடுதலாக அமுங்கினால் வாசலுக்கு மேல் பாவிய உத்தரக் கற்கள் முதலில் காட்டிக்கொடுக்கும். கல் அமுக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், வளைவைத் தாங்காது. வளைந்தால் அடிப்பக்கம் கீறிக்கொள்ளும். அந்தக் கீறல்தான் பூமிக்குள் நடப்பதை வெளியே சொல்லும் எழுத்து.

மணலை எல்லோரும் பயத்தோடு பேசுவார்கள். மணலுக்கு நல்ல குணம் ஒன்று இருக்கிறது. எடை ஏற ஏற உடனுக்குடன் அமுங்கிவிடும். களிமண்போல வருடக்கணக்கில் இழுத்தடிக்காது. ஒரு நிலை கட்டி முடிப்பதற்குள் அந்த நிலையின் எடைக்கான அமுக்கம் பெரும்பாலும் நடந்து முடிந்துவிடும். எட்டு வருடத்தில் நிலை நிலையாக ஏறிய கோபுரத்துக்கு இது பெரிய வரம். கீழே ஏதாவது கோணல் வந்தால் அடுத்த நிலைக்குத் தூக்குக்குண்டு விடும்போதே தெரிந்துவிடும். அவசரமாக ஒரே வருடத்தில் ஏற்றியிருந்தால் இந்த வாய்ப்பு கிடைத்திருக்காது.

கோபுரத்தின் உருவத்திலேயே பாதிக் கணக்கு இருக்கிறது. கல்ஹாரத்துக்கு மேல் கல் கிடையாது, செங்கல். கருங்கல் கன மீட்டருக்கு இரண்டரை டன்னைத் தாண்டும். செங்கல் கட்டு இரண்டு டன்னுக்குள் நிற்கும். உள்ளே பொள்ளல். நிலைக்கு நிலை சுவர் உள்ளே வாங்கிக்கொண்டே போகிறது. அதனால் எடை மேலே குறைவு, கீழே அதிகம், எல்லாம் நடுவை நோக்கி. ஒவ்வொரு நிலையிலும் முன்னும் பின்னும் நடுவாசல் திறந்திருக்கிறது. காற்று ஊடே போக வழி, எடையும் மிச்சம். திருச்சிக்கு நம் விதிகள் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு 169 கிலோமீட்டர். இருநூறடிக்கு மேல் நிற்கும் முகத்தில் அது மோதினால் சாய்க்கும் விசை பெரிதுதான். ஆனால் இத்தனை அகல அடியும் இத்தனை எடையும் உள்ள உருவத்தைக் காற்று ஒன்றும் செய்துவிட முடியாது. என் கணிப்பில் இங்கே பயப்பட வேண்டியது மண்ணுக்கு மட்டும்தான். இந்த உருவத்தை வகுத்த பழைய ஸ்தபதிகளுக்கு எண்கள் இல்லாமலே இந்த முடிவு தெரிந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கால்கள் பிரிந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் காலத்திலேயே பார்த்துவிட்டோம். 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரத்தில் செங்குத்தாக விரிசல் ஓடி, 2010 மே 26 அன்று முழுக் கோபுரமும் சரிந்தது. முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியிருந்ததால் பெரிய உயிர்ச்சேதம் தவிர்ந்தது. ஸ்ரீரங்கத்திலேயே 2023 ஆகஸ்டில் கிழக்கு வாசல் கோபுரத்தின் கீழ்நிலைப் பகுதி ஒன்று நள்ளிரவுக்குப் பின் இடிந்து விழுந்தது. பகலாக இருந்திருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. விரிசல் வயதினால் வருவது, பூசிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கட்டடத்துக்கு நான் போனால் பையில் கண்ணாடிக் கீற்றுகள் இருக்கும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கீற்றை வைத்து இரு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட வேண்டும். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் அந்த விரிசல் செத்த விரிசல், பூசலாம். உடைந்தால் எடை வழி மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சில ரூபாய்க் கண்ணாடி சொல்வதைப் பல நேரம் விலை உயர்ந்த கருவி சொல்வதில்லை.

மணலில் நிற்பதற்கு நம் ஊர் கண்ட வழிகளில் மூத்தது கல்லணை. கரிகாலன் பேரோடு நிற்கும் அந்த அணை 1,079 அடி நீளம், ஆற்றின் குறுக்கே பாம்புபோல் வளைந்து கிடக்கிறது. பெரிய பெரிய பாறைகளை ஆற்று மணலில் போட்டார்கள். தண்ணீர் அவற்றின் அடியிலுள்ள மணலை அரிக்க, பாறை தன் எடையிலேயே கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் மேலும் பாறை. இனி இறங்காது என்று நின்ற பிறகு அதன்மேல் களிமண் சாந்தில் கல் கட்டு. எந்த அரிப்பு அஸ்திவாரத்தைக் கெடுக்குமோ, அதே அரிப்பையே வேலைக்காரனாக்கி அஸ்திவாரத்தை இறக்கிவிட்டார்கள். சிக்கலைத் தீர்வாக மாற்றுவது என்று இதைவிடத் தெளிவான ஓர் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கே வந்து இதைப் படித்துத்தான் ஆழம் தெரியாத மணலில் கட்டத் துணிந்தார். 1836இல் முக்கொம்பில் மேலணை, பிறகு 1847 தொடங்கி கோதாவரியில் தவளேஸ்வரம் அணை. நம்மவர்களிடம் கற்றதாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் மணல் தன் இடத்தில் இருந்தால்தான் அத்தனையும். 2018 ஆகஸ்டில் இரண்டு ஆறும் நிரம்பி ஓடியபோது கொள்ளிடத்தில் இரண்டு காட்சிகளைப் பார்த்தோம். 1928இல் கட்டி, 2016இல் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தன. சில நாளில், 22ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. காட்டன் காலத்துக் கட்டு, நூற்றெண்பது வருடம் உழைத்தது. தூணைச் சுற்றித் தண்ணீர் சுழலும்போது அங்கேதான் மணல் பள்ளமாகும். ஆற்றின் படுகையே தாழ்ந்துபோயிருந்தால் அந்தப் பள்ளம் அஸ்திவாரத்தின் அடியைத் தொடும். கட்டியவரின் கணக்கில் இருந்த மணல் மட்டம் இன்று அந்த இடத்தில் இல்லையென்றால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. ஆற்றிலிருந்து மணலை அள்ளுவதை வெறும் சுற்றுச்சூழல் விஷயமாகப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். அது பாலத்தின் கால், அணையின் கால்.

காவிரியின் குறுக்கே சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் 1976ஆம் வருடத்துப் பாலத்துக்கு நடந்த சிகிச்சை வேறு வகை. 2022 செப்டம்பரில் மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஊரே சுற்றிப் போனது, எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். உள்ளே நடந்தது நுட்பமான வேலை. பாலத்தின் தளம் தூண்மேல் நேரடியாக உட்காருவதில்லை. நடுவில் பேரிங் இருக்கும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு காங்கிரீட் துண்டு, குளிர்காலத்துக்கும் அக்கினி நட்சத்திரத்துக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளும், சுருங்கும். பேரிங் அதற்கு இடம் கொடுக்கிறது. பேரிங் இறுகிப்போனால் அந்த நீட்சி தூண் தலையை இழுக்கும். ஆகவே பழையதை எடுத்துப் புதியது வைக்க வேண்டும். அதற்குப் பாலத்தையே ஹைட்ராலிக் ஜாக்கியில் சில மில்லிமீட்டர் தூக்க வேண்டும். எல்லா ஜாக்கியும் ஒரே அளவு ஏற வேண்டும். ஒன்று முந்தினால் தளம் முறுக்கிக்கொள்ளும். புதிதாகக் கட்டுவதைவிட இப்படிக் கழற்றி மாட்ட இடம் வைத்துக் கட்டுவதே உயர்ந்த வடிவமைப்பு என்று நான் நினைக்கிறேன்.

இனி சின்ன வேலைகளுக்கு வருகிறேன். கோபுரமும் பாலமும் எப்போதாவது வருவது. எனக்குச் சோறு போடுவது வீடுகள்.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி மனைகள் பலவும் முகப்பில் பதினாலடி, பதினைந்தடிதான் இருக்கும். உள்ளே நீளமாகப் போகும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர். மெட்ராஸ் டெரஸ் கூரையின் தேக்கு உத்தரங்கள் இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் அதில்தான் செருகியிருக்கும். அப்படி ஒரு வீட்டை இடித்துவிட்டு மூன்று தளம் கட்ட வேண்டும் என்று ஒரு மாமி கூப்பிட்டார். மேஸ்திரி ஏற்கெனவே வானத்துக்கு அளவு போட்டுவைத்திருந்தார், சுவரை ஒட்டி ஆறடி ஆழம்.

மாமி சுவரைத் தொட்டுக் காட்டினார். “இது பாதி எங்களோடது, பாதி அவாளோடது. அவா ஆத்து ஊஞ்சல் இதுலதான் தொங்கறது. தினம் தாத்தா ஆடறார்.”

அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பிரச்சினையும் இருந்தது. நம் பக்கத்துக் கூரையைப் பிரித்தால், இத்தனை காலம் இரண்டு பக்கமும் உத்தரங்கள் பிடித்துக்கொண்டிருந்த சுவர் ஒரு பக்கம் பிடியில்லாமல் நிற்கும். அதன்மேல் பக்கத்து வீட்டுக் கூரை எடை, அதோடு ஆடும் ஊஞ்சலின் இழுப்பு. சுவரின் அஸ்திவாரமோ மூன்றடிக்குள் முடிகிறது. அதற்கும் கீழே நாம் ஆறடி தோண்டினால் அடியிலுள்ள மணல் நம் குழிக்குள் சரியும். சுவர் பின்னாலேயே வரும்.

“அண்ணே, இந்த ஆறடி வேண்டாம்” என்றேன் மேஸ்திரியிடம்.

“மூணு மாடிக்கு ஆறடி இல்லாம எப்படி சார்? மண்ணு தாங்காதே.”

மணல் தாங்காது என்பதால்தான் ஆழம் போகிறார்கள். மணல் தாங்காவிட்டால் அகலம் போகலாம். வீட்டின் அடி முழுவதையும் ஒரே காங்கிரீட் பலகையாக, ராஃப்டாக, போட்டுவிட்டால் மூன்று தளத்தின் எடை மொத்த மனைக்கும் பரவும். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு ஐந்து டன் சொச்சம்தான் வருகிறது. ஈர மணலுக்குக்கூட அது சுமையே இல்லை. ராஃப்டுக்கு இரண்டரை அடி ஆழம் போதும்; பக்கத்துச் சுவரின் அடிக்குக் கீழே நாம் போகவே வேண்டியதில்லை. பில்லர்களை எல்லையில் வைக்காமல் இரண்டரை அடி உள்ளே தள்ளினோம். எல்லைவரையுள்ள தளத்தைப் பில்லரிலிருந்து வெளியே நீட்டிய பீம்கள் தாங்கும். அந்த நீட்டலின் முனையில் நமக்கென்று மெல்லிய சுவர். பழைய பொதுச்சுவருக்கும் அதற்கும் நடுவில் சின்ன இடைவெளி. பழைய சுவர்மேல் நாம் ஒரு கிலோகூட ஏற்றவில்லை.

இடிக்கும்போது பழைய வீட்டின் குறுக்குச் சுவர்களைத் தோள் உயரத்துக்கு விட்டுவைத்தோம். அவை பொதுச்சுவருக்கு முட்டாக நின்றன. மேலே இரும்புக் குழாய் முட்டு. ராஃப்ட் காய்ந்து, புதிய பில்லரும் முதல் தளமும் எழுந்து, அங்கிருந்து முட்டுக் கொடுத்த பிறகே குறுக்குச் சுவர்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். சுவரில் ஒட்டிய கண்ணாடிக் கீற்றில் ஒன்றும் உடையவில்லை. தாத்தாவை மட்டும் சில மாதம் ஈசிச்சேரில் உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம்.

நேரமும் ஒரு பொருள்தான். ஸ்ரீரங்கத்தில் அஸ்திவார வேலையைப் பங்குனி, சித்திரையில் முடித்துவிடப் பார்ப்பேன். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் சில நாளில் காவிரியில் தண்ணீர் வந்துவிடும். ஆற்றில் மட்டம் ஏறினால் தீவின் கிணறுகளிலும் ஏறும். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூட்டம் நிற்கும்போது, குழி வெட்டி வைத்திருப்பவன் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருப்பான். இறைக்கும் தண்ணீரோடு பக்கத்து வீட்டு மணலும் சேர்ந்து வரும். அதைவிட ஆபத்தான வேலை மணலில் வேறில்லை.

பாறையில் வேலை சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். மருங்காபுரி வட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபம் வடிவமைத்தேன். மனையின் கிழக்கே மூன்றடியில் பாறை. மேற்கே அதே பாறை பன்னிரண்டடிக்குச் சரிந்துபோகிறது. பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் வைத்தால் மண் பக்கம் அமுங்கும், பாறைப் பக்கம் அசையாது. கட்டடம் நடுவில் கிழியும். எனவே மேற்குப் பக்கம் ஒவ்வொரு பில்லருக்கும் பாறை தட்டும்வரை குழி இறக்கி, காங்கிரீட்டால் நிரப்பி மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். கிழக்கே சரிவைப் படி படியாகச் செதுக்கினோம். பக்கத்தில் குடியிருப்பும் கிணறும் இருந்ததால் வெடி கூடாது. கல்லுடைக்கும் ஆட்கள் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு வைத்து, மாற்றி மாற்றிச் சம்மட்டியால் தட்டினார்கள். கல்லுக்கு வாகு உண்டு. எந்தப் பக்கம் பிளக்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். நான் வரைந்த கோட்டைவிட அவர்கள் சொன்ன கோடு நேராகப் பிளந்தது.

மண்டபத்தில் உண்மையான சவால் அஸ்திவாரத்துக்கு மேலேதான் இருந்தது. உரிமையாளருக்கு அறுபதடி அகல ஹால், நடுவில் ஒரு தூணும் கூடாது. மணமேடை எல்லா நாற்காலிக்கும் தெரிய வேண்டும். ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் அத்தனை தூண் வந்ததற்குக் காரணமே கல் உத்தரம் நீளமாகப் பாலமிட முடியாது என்பதுதான். நமக்குக் கம்பி இருக்கிறது, தாண்டலாம். மேலே தகரக் கூரை மட்டும் என்றால் இரும்பு டிரஸ் போட்டு முடித்துவிடலாம். அவர் கேட்டதோ ஹாலுக்கு மேலே விருந்தினர் அறைகள், நடுவில் தாழ்வாரம், இருபுறமும் அறை வரிசை.

அறுபதடிக்குச் சாதாரண பீம் போட்டால் ஐந்தடி ஆழம் கேட்கும். ஹாலின் உயரம் போய்விடும், அல்லது மொத்தக் கட்டடமும் ஐந்தடி ஏறும். பிளானைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆழமான பீம் ஏற்கெனவே பிளானில் இருக்கிறது என்பது பிடிபட்டது. அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள குறுக்குச் சுவர்கள், பதின்மூன்றடிக்கு ஒன்றாக, ஹாலின் இந்தப் பக்கத்துப் பில்லரிலிருந்து அந்தப் பக்கத்துப் பில்லர்வரை ஓடுகின்றன. செங்கல்லுக்குப் பதிலாக அவற்றை எட்டு அங்குலக் காங்கிரீட்டில் கட்டினால் ஒவ்வொரு சுவரும் ஒரு மாடி உயர பீம். பதினோரு அடி ஆழம்! அறைகளின் தரை அதன் அடிப்பகுதி, மொட்டைமாடி அதன் மேற்பகுதி.

தாழ்வாரம் என்ன ஆவது? அது ஒவ்வொரு சுவரையும் நடுவில் ஆறடிக்கு அறுக்கிறது. பீமின் நடுவில் ஓட்டை என்றால் எந்த இன்ஜினீயருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் நடுவில்தான் ஷியர், அதாவது வெட்டுவிசை, ஏறக்குறைய பூஜ்யம். வளைவு அங்கே உச்சம்; அந்த வளைவை மேலே ஓர் அமுக்கமும் கீழே ஓர் இழுப்பும் சேர்ந்து தாங்குகின்றன, இடையிலுள்ள சுவருக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. தாழ்வாரத்தை எந்த இடத்தில் விட்டால் பீமுக்கு வலிக்காதோ, ஆர்க்கிடெக்ட் அதே இடத்தில்தான் விட்டிருந்தார். ஒரு பக்க அறைகளில் மட்டும் ஆள் நிறைந்தால் நடுவிலும் கொஞ்சம் ஷியர் வரும். அதற்காக அந்த ஆறடியில் ரிங்குகளை நெருக்கிக் கட்டினோம்.

ஒரு சுவரின் அடிப்பகுதியில் வந்த இழுவிசை சுமார் 120 டன். அதற்குப் பத்து 25 மில்லிமீட்டர்க் கம்பி. கம்பி பன்னிரண்டு மீட்டர் நீளத்தில்தான் லாரியில் வருகிறது. பாலமோ பதினெட்டு மீட்டர். எங்கேயாவது ஒட்டுப் போட்டே ஆக வேண்டும். நடுவில் ஒட்டு வரக் கூடாது, எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது. கம்பி கட்டும் தம்பிகளோடு சேர்ந்து தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, ஒவ்வொரு கம்பிக்கும் எண் போட்டு அடுக்கிப் பார்த்த பிறகே மேலே ஏற்றினோம். காகிதத்தில் தெளிவாக இருந்தது தரையில் போட்டபோது இன்னும் தெளிவானது.

இதில் ஒரு சிரமம் உண்டு. ஹாலின் கூரையாக வரும் தளம் அதற்கு மேலேயுள்ள சுவரில் தொங்குகிறது. சுவர் மொட்டைமாடியோடு சேர்ந்தால்தான் பீம் ஆகிறது. மொட்டைமாடிக் காங்கிரீட் முதிரும்வரை கீழே ஹால் முழுக்க முட்டு நிற்க வேண்டும். முட்டு வாடகை நாளுக்கு நாள் ஏற, உரிமையாளர் தினம் போன் செய்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது உண்மை. காரணத்தை விளக்க ஒரு கார்டுபோர்டு மாதிரி செய்து, மேல் அட்டையை எடுத்துவிட்டால் எப்படித் தொய்கிறது என்று காட்டிய பிறகு அவரே காவலாளியிடம் முட்டில் கை வைக்க யாரையும் விடாதே என்று சொன்னார்.

முட்டுப் பிரிப்பதிலும் வரிசை இருக்கிறது. நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு சுற்று தளர்த்தி, எல்லாவற்றையும் தளர்த்திய பிறகு இரண்டாவது சுற்று. நடுவில் டயல் கேஜ் வைத்திருந்தோம். கடைசி முட்டும் தளர்ந்தபோது தொய்வு எட்டு மில்லிமீட்டர். கணக்கில் வந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. கம்பி கட்டிய தம்பிகள் ஹாலின் நடுவில் வந்து நின்று மேலே பார்த்தார்கள்.

அந்தச் சுவர்கள் இனி சுவர்கள் அல்ல என்பது இருபது வருடம் கழித்து வருபவருக்குத் தெரியாது. பூச்சுக்குப் பின் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். கதவு வைக்கிறேன், இரண்டு அறையை ஒன்றாக்குகிறேன் என்று யாராவது அறுத்தால் கீழே ஹாலில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? வரைபடத்தை உரிமையாளரிடமும் அவர் மகனிடமும் தனித்தனியாகக் கொடுத்தேன். போதாது என்று பட்டது. மாடித் தாழ்வாரத்தின் தொடக்கத்தில், சிவப்புக் கோட்டால் வரைந்த கட்டடத்தின் படத்தோடு ஒரு கருங்கல் பலகை பதித்தோம்: ‘குறுக்குச் சுவர்கள் கட்டடத்தின் பீம்கள். வெட்டவோ துளையிடவோ கூடாது.’ கீழே என் போன் நம்பர்.

போன மாதம் ஏ.சி. மாட்ட வந்த பையன் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டான். “சார், பைப்புக்கு ஒரு ஓட்டை போட்டே ஆகணும். எங்க போடட்டும்?” தாழ்வாரத்துப் பக்கமாக, சுவரின் பாதி உயரத்தில், மூன்று அங்குலத்துக்குள், கோர் மெஷினில்தான், சுத்தியல் வேண்டாம், கம்பி தட்டினால் நிறுத்திவிட்டு எனக்குச் சொல் என்றேன். துளை போடுமுன் பென்சிலால் வட்டம் போட்டு போட்டோ அனுப்பினான். ஒரு ஜாண் கீழே இறக்கச் சொன்னேன்.